மலையோடையில் குடியேறிய மீன்

பீடோங் வட்டாரத்திலிருந்து வடமேற்கே நோக்குவார்க்கு 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலை கண்ணுக்குத் தெரியும். அதன் அடிவாரத்தில் பரந்து கிடப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டையொட்டி வென்ற கடாரம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஜெராயிலிருந்து இறங்கும் ஓடைகளிலும் தோட்டத்து வாய்க்கால்களிலும் மண்புழுவைக் கோத்துத் தூண்டிலிட்டு, விராலும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். ஆயினும் இவ்வோடைகளில் டிரௌட் என்னும் மீன் இல்லை. அதே காலத்தில் தமிழர் உழைத்த வேறு இரண்டு மலைநாடுகளில், நீலகிரியிலும் இலங்கையிலும், அம்மீன் குடியேற்றப்பட்டது. அக்குடியேற்றத்தின் வரலாறு தமிழர் அறியத்தக்கது.

இறகால் செய்த இரை

டிரௌட் குளிர்நாட்டு மீன். பழுப்பு டிரௌட் ஐரோப்பாவுக்கும், வானவில் டிரௌட் பசிபிக் கடலை அடுத்த வட அமெரிக்காவுக்கும் உரியன. இவை நீருக்கடியில் புழுவாக வாழ்ந்து, பின் சிறகு பெற்று மேலெழும் பூச்சிகளை விரும்பி உண்பவை. ஆகவே இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டி, அப்பூச்சியைப் போலச் செய்து ஏமாற்றிப் பிடிக்கும் முறை தோன்றிற்று. மாசிடோனியர் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கொண்டு இவ்வாறு மீன் பிடித்ததைக் கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே குறித்துள்ளார்.

இப்பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. எனவே அதைத் தொலைவில் கொண்டு சேர்ப்பது தூண்டிற்கயிற்றின் எடையே. சிறிய ஓடையிலோ நுணுக்கம் இன்னும் மிகுதி. மீன் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். ஆதலின் பிடிப்பவர் கீழிருந்து மேலே, அதன் பின்புறமாகப் பதுங்கிச் செல்லவேண்டும். நிழல் விழுந்தாலும் மீன் மறைந்துவிடும். இப்பூச்சி கட்டுவதற்கு மேனாட்டார் மிக விரும்பிய பொருள்களுள் ஒன்று, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுச் சேவலின் கழுத்திறகு. பறவைத் தோலும் இறகும் ஏற்றுமதியாவதை இந்திய அரசு 1902-ஆம் ஆண்டிலேயே தடைசெய்ய நேர்ந்தது. மீன் இங்கு வந்து நிலைபெறும் முன்னரே நம் காட்டுச் சேவலின் இறகு அங்குச் சென்றுவிட்டது எனலாம்.

பனிக்கட்டியில் வந்த முட்டை

மீனை உயிரோடு கொணர்தல் அரிது; முட்டையாகக் கொணர்தலே வழி. உள்ளே கண் புலப்படும் பருவத்து முட்டைகளைப் பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவில் வைத்தால், குளிரால் வளர்ச்சி தாமதமாகும். கப்பல் கரைசேரும்வரை பொரிக்காமலிருக்கும். பாசியும் பனிக்கட்டியும் கொண்டு 1864-ஆம் ஆண்டில் டாஸ்மேனியாவுக்கு முட்டைகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

அதற்கு முந்திய ஆண்டே நீலகிரிக்கு டிரௌட் கொணர முயன்றவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த இவர், பின்னர் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிப் புகழ்பெற்றார். முயற்சி வெற்றி பெறவில்லை. அந்நாளில் சூயஸ் கால்வாய் திறக்கப்படவில்லை. மேட்டுப்பாளையத்துக்கு இரயில் வந்ததே 1873-ஆம் ஆண்டில்தான். முட்டைக்குக் கேடு விளைப்பது வெப்பம். அவ்வெப்பமோ கடற்பயணத்திலும் சமவெளியிலும் நெடுநாள் காத்திருந்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராயிருந்த எச். சி. வில்சன் வானவில் டிரௌட்டை நீலகிரியில் நிலைபெறச் செய்தார். 1907-ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. இலங்கையில் 1880-களில் முயற்சி தொடங்கிற்று. நுவரெலியாவைச் சார்ந்து 1896-இல் மீன்பிடிக் கழகம் ஒன்றும் ஏற்பட்டது. ஹார்ட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் டிரௌட் தானே இனம்பெருக்கி வாழலாயிற்று.

ஜெராயில் அது ஏன் வாழாது என்பதற்கு விடை எளிது. நீரின் வெப்பம் 20 பாகையைத் தாண்டினால் டிரௌட் தளரும். 25 பாகையை ஒட்டினால் பிழைப்பது அரிது. நீலகிரியிலும் ஹார்ட்டன் சமவெளியிலும் நிலம் 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. கெடாவின் மலைக்கு அவ்வுயரம் இல்லை. ஈண்டு இயற்கை வழங்கியது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கெலா என்னும் மீனை. அது காவிரியின் மகசீருக்கு நெருங்கிய உறவு.

யாருடைய ஓடை?

வேட்டையையும் மீனையும் காக்க 1879-ஆம் ஆண்டிலேயே நீலகிரிக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதனால் கண்மூடித்தனமான அழிவு ஓரளவு தடுக்கப்பட்டது உண்மை. ஆனால் உரிமச் சீட்டு வாங்கக்கூடியவர்க்கே ஓடை திறந்திருந்தது என்பதும் உண்மை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் கெடாவின் இரப்பர் தோட்டங்களிலும் கங்காணி வழியே வந்து குடியேறிய தமிழர்க்குக் கிட்டிய மீன் பெரும்பாலும் கருவாடே. மீனும் மனிதரும் ஒரே ஆட்சியின் காலத்தில் கடல்கடந்து குடியேற்றப்பட்டனர். மீனின் பயணத்தை எழுதி வைத்த ஏடுகள், அந்த மலைகளில் சாலையிட்ட கூலியாட்களின் பெயரை எழுதி வைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. புதிய மீன் புகுந்த நீரில் பழைய உயிர்கள் என்னவாயின என்பது அன்று பெரிதாகக் கேட்கப்படாத கேள்வி. ஹார்ட்டன் சமவெளிக்கே உரிய நன்னீர் இறால் போன்றவற்றுக்கு டிரௌட் கேடாகுமோ என்று இன்றைய ஆய்வாளர் அஞ்சுகின்றனர். எல்லா ஆங்கிலேயரும் தாய்நாட்டு மீனையே தேடினர் என்றும் கூறிவிட முடியாது. சென்னை அரசின் அலுவலர் எச். எஸ். தாமஸ் 1873-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இந்நாட்டு மகசீரையே பெரிதும் போற்றினார். அவர் போற்றிய இனத்தைச் சேர்ந்த காவிரித் திமில் மகசீர், 2018-ஆம் ஆண்டில் அழியும் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அணைகளும், வெடிவைத்துப் பிடித்தலும், ஆற்றில் விடப்பட்ட வேற்றின மகசீரும் அதன் நலிவுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

கடல்கடந்து வந்த முட்டைக்குப் பனிக்கட்டியும் பொரிப்பகமும் சட்டமும் கிடைத்தன. ஆற்றில் முன்னரே இருந்த மீனுக்கு அத்தகைய அக்கறை காலந்தாழ்ந்தே வந்தது. ஜெராய் ஓடைகளில் இன்னும் நீந்தும் மீன்களின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், அத்தாமதம் இங்கும் நேராமல் காக்கும் பணியைத் தொடங்கியவர் ஆவார்.