மேலே பளபளப்பு, உள்ளே துரு

நம்ம வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்கும் பளபளக்கும் ரயில் பெட்டிக்கும் உறவு உண்டு. அமெரிக்காவில் அந்தப் பெட்டிகளைப் பிரபலமாக்கியது பிலடெல்பியாவின் 'பட்' கம்பெனி. 1912-ல் எட்வர்ட் பட் தொடங்கியது. கார்களுக்கு முழு எஃகுக் கூடு செய்து பேர் வாங்கியது.

பட் எடுத்துக்கொண்ட உலோகம் 18 சதவீத குரோமியம், 8 சதவீத நிக்கல் கலந்த எஃகு. துருப்பிடிக்காது, பலமும் அதிகம். ஆனா வெல்டிங் வைத்தால் வம்பு. சூடு நின்று பரவினால் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும். பற்றவைத்த இடத்தை ஒட்டியே துரு ஏறும். குளிர்நிலையில் உருட்டி ஏற்றிய பலமும் அங்கே போய்விடும்.

இதற்கு வழி கண்டவர் பட்டின் பொறியாளர் ஏர்ல் ராக்ஸ்டேல். பெரிய மின்னோட்டத்தை நொடியின் சின்னத் துணுக்கு நேரத்துக்கு மட்டும் பாய்ச்சினார். தகடுகள் ஒட்டிக்கொள்ளும், சூடு பரவ நேரமே இருக்காது. இதுதான் 'ஷாட்வெல்ட்'. இதை வைத்து 1931-ல் ஒரு விமானமே செய்து பறக்கவிட்டார்கள்!

அப்புறம் வந்தது பர்லிங்டன் ரயில்வேயின் 'செஃபைர்'. மூன்று பெட்டி, டீசல் எஞ்சின். 1934 மே 26-ல் டென்வரில் கிளம்பி 1,015 மைலை 13 மணி 5 நிமிஷத்தில் கடந்து சிகாகோ சேர்ந்தது. பக்கவாட்டில் ஓடும் வரிவரியான மடிப்பு வெறும் அலங்காரம் இல்லை. மெல்லிய தகடு நெளியாமல் இருக்க அதுதான் பலம்.

எல்லாருக்கும் அந்த மினுமினுப்பு வேண்டியிருந்தது. ஷாட்வெல்ட் காப்புரிமையோ பட்டின் கையில். போட்டியாளரான புல்மேன் ஸ்டாண்டர்ட் என்ன செய்தது? பல பெட்டிகளில் சாதாரண எஃகுச் சட்டத்தின் மேல் எவர்சில்வர் தகட்டைப் போர்த்தியது. பார்வைக்கு அச்சு அசல். ஆனா இடுக்கில் ஈரம் தங்கி, வெளியே தெரியாமலே உள்சட்டம் அரித்தது. பின்னாளில் தகட்டைக் கழற்றியவர்களுக்குத்தான் செலவின் கணக்கு தெரிந்தது.

பட் 1954-55-ல் கனடாவுக்குச் செய்துகொடுத்த 'கனேடியன்' ரயில் பெட்டிகளோ அறுபது வருஷம் தாண்டியும் ஓடின. 1987-ல் பட் ரயில் பெட்டித் தொழிலையே விட்டுவிட்டது. செய்தவன் கடையைக் கட்டிய பிறகும் செய்த பொருள் ஓடியது.

பளபளப்பை யார் வேண்டுமானாலும் மேலே ஒட்டலாம். ரயிலின் ஆயுள் இருந்தது கண்ணுக்குத் தெரியாத அந்த வெல்டிங் புள்ளிகளில்.