மோட்டார் சைக்கிள் மீட்டரும் ஓடிய தூரத்தின் கணக்கும்



பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பள்ளி வாசலுக்கு வரும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்ததுண்டா? தாத்தாமார் ஓட்டி வரும் வண்டிகளில் கண்ணாடி மங்கிய வட்ட மீட்டரும் அதில் நடுங்கும் முள்ளும் இருக்கும். அண்ணன்மார் ஓட்டி வரும் வண்டிகளிலோ நீல ஒளியில் எண்கள் மின்னும். இரண்டாவது வகையில் பல, தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தவை அல்ல. பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிப் பொருத்தியவை.

முன்னாள் மாணவர் ஒருவரின் தாயார் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சார், பையன் செகண்ட் ஹேண்ட் மோட்டார் வாங்கிட்டு ஒரிஜினல் மீட்டரை மாத்தணும்னு நிக்கிறான். அது தப்பா?" பதினாறு வயதிலேயே பி2 உரிமம் எடுக்க இயலும் நாட்டில் இது பல வீடுகளில் எழும் கேள்வியே. அவருக்கு வாய்மொழியாகச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். 'ஒரிஜினல்' என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

நூறாண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிள் வாங்கியவருக்கு வண்டியோடு மீட்டர் கிடைக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். விளக்கும் ஒலிப்பானும்கூட அக்காலத்தில் தனி விலைக்குரியவை. வேகமானி வேண்டுமென்றால் அதைத் தனியே வாங்கிச் சக்கரத்தோடு இணைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் மணிக்கு 20 மைல் என உச்ச வேகத்தை நிர்ணயித்தது. காவலர்கள் சாலையோரத்தில் நிறுத்தற் கடிகாரத்துடன் காத்திருந்தனர். தான் எந்த வேகத்தில் சென்றோம் என்று அறியாத ஓட்டுநர் வாதாட வழியில்லை. ஆகவே கடிகாரக் கடைகளில் வேகமானி விற்பனை சூடுபிடித்தது. இலண்டன் கடிகார நிறுவனமாகிய எஸ். ஸ்மித் அண்ட் சன்ஸ், 1904இல் மன்னர் ஏழாம் எட்வர்டின் காருக்கு மைல்மானி செய்து கொடுத்தது. அந்த ஸ்மித்ஸ் பெயரே பிற்காலத்தில் டிரையம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன் மீட்டர்களின் முகத்தில் இடம்பெற்றது.

வெளியில் வாங்கிப் பொருத்திய மீட்டர்தான் மூத்தது. வண்டியோடு வரும் 'ஒரிஜினல்' மீட்டர் அதற்குத் தம்பி. அந்தத் தம்பியையும் வண்டி நிறுவனம் தானே செய்வது அரிது. ஜப்பானின் நாகஓகா நகரில் 1946இல் தொடங்கப்பட்ட நிப்பான் செய்கி என்னும் நிறுவனம் ஹோண்டா உள்ளிட்டோருக்கு மீட்டர் செய்து தருகிறது. அதே நிறுவனம் 'டெஃபி' என்ற பெயரில் கடையில் வாங்கிப் பொருத்தும் கார் மீட்டர்களையும் விற்கிறது. ஆகவே மீட்டரை மாற்றுவது வண்டியின் கற்பைக் கெடுப்பதுபோலச் சிலர் பேசுவதில் வரலாற்று ஆதாரம் ஏதுமில்லை.

பழைய வட்ட மீட்டர் எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்குவது எனக்கு மிகவும் பிடித்த செயல். முன்சக்கரத்திலிருந்து ஒரு முறுக்குக் கம்பி உறைக்குள் சுழன்றபடி மேலே வருகிறது. அதன் முனையில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாத உலோகமாயிற்றே என்று பிள்ளைகள் உடனே கேட்பார்கள். ஒட்டாதுதான். ஆனால் சுழலும் காந்தம் அந்தக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதைத் தன்னோடு இழுத்துச் செல்லப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று கிண்ணத்தைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். செருமானியரான ஓட்டோ ஷுல்ட்ஸ 1902இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புத்தான் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு உலகெங்கும் ஓடியது. ஸ்மித்ஸ் நிறுவனம் செய்த கிரோனோமெட்ரிக் மீட்டர் வேறு வகை. அதனுள் கடிகாரப் பொறி ஒன்றிருக்கும். குறித்த கணத்தில் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, முள்ளைத் தாவித் தாவி நகர்த்தும். 1960களின் நடுப்பகுதியில் மலிவான காந்த மீட்டர் அதன் இடத்தைப் பிடித்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ 1958இல் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களின் ஏக விநியோகிப்பாளரானார். ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். தோட்டப்புறங்களில் அதுவரை மோட்டார் சைக்கிள் என்பது பெரும்பாலும் துரைமாரின் பொருள். கப்சாய் வந்த பிறகே அது கிராணிக்கும், அடுத்துப் பால்மரத் தொழிலாளிக்கும் எட்டியது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு வேலை தேடிச் சென்று திரும்பிய ஒரு தலைமுறையைச் சுமந்தது இந்தச் சிறு வண்டியே.

அக்கால மக்கள் தூரத்தைக் 'கட்டை' என்றே சொன்னார்கள். மூன்றாங்கட்டை, எட்டாங்கட்டை என்பவை மைல்கற்களை வைத்து வந்த ஊர்ப்பெயர்கள். 1972ஆம் ஆண்டு நிறுத்தல் அளவைச் சட்டத்திற்குப் பிறகு மைல் படிப்படியாக விலகிக் கிலோமீட்டர் வந்தது. ஒரே வீட்டில் பழைய வண்டி மைலிலும் புது வண்டி கிலோமீட்டரிலும் பேசிய காலம் அது. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். மைல் மீட்டரில் 40,000 எனக் காட்டும் வண்டி உண்மையில் 64,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த மீட்டரைக் கழற்றிக் கிலோமீட்டர் மீட்டரை மாட்டியவுடன் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும். மீட்டரை மாற்றுவதில் உள்ள உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

மீட்டருக்கு இரண்டு வேலைகள். வேகத்தைக் காட்டுவது ஒன்று; அது அந்தக் கணத்தோடு மறைந்துவிடும். ஓடிய மொத்தத் தூரத்தை எண்ணி வைப்பது மற்றொன்று. இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டி எது என்று சொல்லும். அது எவ்வளவு உழைத்தது என்பதை மீட்டரின் சிறு சன்னலில் தெரியும் எண்களே சொல்லும். பழைய வண்டி வாங்குபவர் முதலில் குனிந்து பார்ப்பதும் அதைத்தான். 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் 3,000 என்று காட்டும் புது மீட்டர் இருந்தால், விற்பவர் வாய் திறக்காமலே பொய் சொல்லிவிடலாம். ஆகவே அந்தத் தாயாருக்கு நான் சொன்ன முதல் பதில்: பையன் மீட்டர் மாற்றுவது இருக்கட்டும், அவனுக்கு விற்றவர் ஏற்கனவே மாற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். கால்மிதியின் இரப்பரும் கைப்பிடியும் மழுங்கித் தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் புதுமணம் வீசினால் ஐயுற வேண்டும்.

எங்கள் குடும்பத்திலும் இந்தப் பேச்சு எழுந்தது. அப்பா 1979இல் வாங்கிய ஹோண்டா சி70, தெங்கேராவில் உள்ள எங்கள் வீட்டு அஞ்சடியில் பல ஆண்டுகள் நின்றிருந்தது. அண்ணன் மகன் அதை எடுத்துச் சீர்செய்தான். தைவான் நாட்டு கோசோ போன்ற நிறுவனங்களின் டிஜிட்டல் மீட்டர்மேல் அவனுக்கு ஆசை. "சித்தப்பா, முள்ளு செத்துப் போச்சு. இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றான். அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. வேகம் தெரியாமல் சாலையில் போவதைவிடப் புது மீட்டரோடு போவது நல்லது.

ஆனால் கழற்றி மாட்டினால் முடிந்துவிடும் வேலையன்று இது. அக்காலத்து சி70 ஆறு வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. இத்தகைய டிஜிட்டல் மீட்டருக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். ஆகவே முதலில் மின்னமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்து எரிபொருள் அளவு. தொட்டியின் மிதவை அனுப்பும் மின்தடை அளவும் மீட்டர் எதிர்பார்க்கும் அளவும் பொருந்தாவிட்டால், நிறைந்த தொட்டியும் பாதி என்றே காட்டும். மூன்றாவதுதான் மிக முக்கியம். புது மீட்டர் சக்கரச் சுற்றுகளை எண்ணும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நாம்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். முன்சக்கர டயர் அளவு 2.25–17. பதினேழு அங்குல வளையம், மேலும் கீழும் 2.25 அங்குலம் சேர்த்து விட்டம் 21.5 அங்குலம், அதாவது 546 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 1,716 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 583 முறை சுற்றுகிறது. மீட்டரில் 1,716க்குப் பதிலாக 1,616 என்று பதிந்துவிட்டால் என்னாகும்? திரையில் 90 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 95க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். 1989 முதல் மாநிலச் சாலைகளின் பொது உச்ச வரம்பு 90 கிலோமீட்டர் என்பதை நினைவிற்கொள்க. அனைத்துலக விதிகளின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடச் சற்று மிகுத்துக் காட்டலாம்; ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. தொழிற்சாலை மீட்டர் இந்த விதிக்கு உட்பட்டே வெளிவருகிறது. கடையில் வாங்கிய மீட்டரில் அந்தப் பொறுப்பு அதைப் பொருத்துபவன் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது.

பொருத்தும் வேலையை அண்ணன் மகன் ஒழுங்காகவே செய்தான். சுண்ணாம்புக் கட்டியால் டயரில் கோடிட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, தரையை அளந்தே எண்ணைப் பதிந்தான். ஏட்டுக் கணக்கைவிட அது துல்லியமானது. காற்றழுத்தமும் தேய்மானமும் அதில் அடங்கிவிடும்.

பழைய தூரக் கணக்குக்கு மட்டும் அவனிடம் விடையில்லை. சில புது மீட்டர்களில் தொடக்க எண்ணை நாமே இட்டுக்கொள்ளலாம். எந்த எண்ணை இடுவது? கழற்றிய மீட்டரில் 08,417 என்று இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் ஓடிய வண்டிக்கு எட்டாயிரமா? அப்பாவின் நோட்டுப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு நாளும் தேதியும் மீட்டர் எண்ணும் கிராணிக்குரிய முத்து முத்தான எழுத்தில் இருந்தன. 98 ஆயிரம் என்ற வரிக்கு அடுத்து வெறும் 312. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஒரு சுற்று முடிந்தது' என்ற குறிப்பு. ஐந்து இலக்கச் சன்னலில் 99,999க்கு அடுத்தது சுழியம்தானே! அசல் மீட்டரும் முழுக்கதையைச் சொல்லவில்லை.

புது மீட்டரில் 1,08,417 என்று பதிந்தோம். மாற்றிய தேதியையும் இரு எண்களையும் ஒரு தாளில் எழுதி, நெகிழியுறையில் இட்டு, இருக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கிறான். பழைய மீட்டர் அப்பாவின் நோட்டுப்புத்தகத்தோடு என் அலமாரியில் இருக்கிறது.