அதிர்ஷ்ட அங்காடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியிலே, மிசிசிப்பிப் பேராறு கடலைத் தேடி ஓடும் கழிமுகத்தருகே, நியூ ஆர்லியன்ஸ் என்றோர் எழில் நகரம். ஜாஸ் இசை பிறந்த ஊர் என்ற புகழ் அதற்கு உண்டு. அந்நகரின் சவுத் ராம்பார்ட் தெருவிலே, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 'கிராக்கர் ஜாக்' என்ற பெயரில் ஒரு மருந்துக் கடை இருந்தது. கருப்பின மக்கள் பண்டம் வாங்கவும், இசை கேட்கவும், ஓய்வு நேரத்திலே ஒன்றுகூடவும் வந்து குவிந்த தெரு அது.

பெயர் மருந்துக் கடை. மருந்தும் கிடைத்தது. ஆனால் அதன் பெயர் ஊர்தாண்டி ஒலித்தது காய்ச்சல் மருந்துக்காக அன்று! பிரிந்து போனவரை இழுத்து வரும் எண்ணெய், எதிரியை ஊரைவிட்டே ஓட்டும் பொடி, சூதாட்டத்தில் வெற்றி தரும் வேர், வழக்கில் வாகை சூட்டும் கிழங்கு—இவை போன்ற சரக்குகளுக்காக!

'ஹூடூ' என்று அம்மக்கள் அழைத்த மாந்திரிகம் இது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டோரின் நம்பிக்கை, அமெரிக்கப் பழங்குடியினரின் மூலிகையறிவு, ஐரோப்பியரின் மந்திர ஏடு—மூன்றும் கலந்து வளர்ந்த வழக்கம். முன்னாளில் காட்டிலே தோண்டி எடுத்த வேரும், தன் கையால் தைத்த சிறு பையுமே அதற்குப் போதுமானவை. பின்னாளிலே அது பொட்டலமாயிற்று, புட்டியாயிற்று, விலைச்சீட்டு ஒட்டிய வாணிபமாயிற்று. அந்த வாணிபத்தின் அலமாரியைச் சற்றே பார்த்து வருவோம், வாருங்கள் தோழர்களே!

இதோ, 'வெற்றிவீரன் ஜான்' வேர். ஜான் என்பவன் ஆப்பிரிக்க இளவரசன். அடிமையாக விற்கப்பட்டும் அடங்காதவன். ஆண்டையை அறிவால் வென்று சிரித்தவன்—இது அம்மக்கள் சொல்லி வந்த கதை. அவன் பெயரைத் தாங்கிய வேரைச் சட்டைப் பையில் வைத்தால் வெற்றி நிச்சயமாம்! தாவர நூலாரைக் கேளுங்கள். மெக்சிகோ நாட்டுப் பேதிக்கொடியின் வேர் அது என்பார்கள். நம் நாட்டுச் சிவதைக்கு உறவு. பையிலே இருக்கும்போது அது எந்த மன்னனையும் வென்றதில்லை. வயிற்றுக்குள் சென்றாலோ, அது வெல்வது மலச்சிக்கல் ஒன்றைத்தான்!

அடுத்து, காந்தக்கல். அதற்கு 'உணவு' இரும்புத்தூள். நாள்தோறும் ஊட்டினால், இரும்பை இழுப்பதுபோலவே பணத்தையும் இழுத்து வருமாம்! ஒரு வெள்ளிக் காசைப் பக்கத்திலே வைத்துப் பார்த்தால் போதும். அசையாது! காந்தத்தின் கண்ணுக்கு வெள்ளி தெரியாது. எனினும், அந்தச் சோதனையைச் செய்துபார்க்க எண்ணாமல், வெள்ளிக் காசை விற்பனையாளனிடம் கொடுத்துவிட்டுக் கல்லை வாங்கிச் சென்றார்கள்.

அதோ, 'சின்ன ஜான்' வேர். நீதிமன்றத்துக்குப் போகும்போது மென்று, நீதிபதி வருமுன் அதன் சாற்றைத் தரையிலே உமிழ்ந்துவிட வேண்டும். தீர்ப்பு நம் பக்கம்! என்ன வேர் அது? நம் பாட்டிமார் இருமலுக்கு இடித்துக் கொடுக்கும் அரத்தை! தொண்டையைத் திறக்கும் அரத்தை, அங்கே நீதிபதியின் நெஞ்சையும் திறக்கும் என்று நம்பப்பட்டது.

நகைப்பு வருகிறது, அல்லவா? வரட்டும். ஆனால் நகைத்து முடித்தபின் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வழக்குரைஞனை நாட வேண்டியவன் வேரை நாடியது ஏன்? மருத்துவனைத் தேட வேண்டியவள் எண்ணெய்ப் புட்டியைத் தேடியது ஏன்?

விடை அலமாரியிலே இல்லை. அந்த மாநிலத்தின் வரலாற்றிலே இருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ் அமைந்திருக்கும் லூசியானா மாநிலத்தில், 1896-இல் வாக்காளர் பட்டியலிலே இருந்த கருப்பினத்தவர் 1,30,334 பேர். 1898-இல் அம்மாநிலம் புதிய அரசமைப்பு ஒன்றை இயற்றிக்கொண்டது. எழுத்தறிவு வேண்டும், அல்லது சொத்து வேண்டும். இரண்டும் இல்லையென்றால், உன் தந்தையோ பாட்டனோ 1867-க்கு முன் வாக்களித்திருக்க வேண்டும் என்று விதி வகுத்தது. அடிமையாய்க் கிடந்த பாட்டன் எங்கே வாக்களித்தான்? 1904-இல் பட்டியலிலே எஞ்சியவர் 1,342 பேர்! 1896-ஆம் ஆண்டிலேதான், அதே மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கில், தொடர்வண்டியில் வெள்ளையர்க்கு ஒரு பெட்டி, கருப்பர்க்கு வேறு பெட்டி என்று பிரித்துவைப்பது சட்டத்துக்கு உடன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாக்கு இல்லை, வழக்கு மன்றத்திலே தன் இனத்து முகம் இல்லை, சட்டம் தன் பக்கம் இல்லை. இந்நிலையில், மென்று துப்ப ஒரு வேர் கிடைத்தால் அதையேனும் மெல்லுவோம் என்று ஒருவன் எண்ணினான் என்றால், அவன் மூடன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியுமா?

மருத்துவத்தைப் பார்ப்போம். 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பார் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார். கருப்பின மாணவர்க்கென அப்போது இருந்த கல்லூரிகள் ஏழு. இரண்டு மட்டும் இருந்தால் போதும் என்றது அறிக்கை. அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஐந்து கல்லூரிகளும் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்து பிளிண்ட் மருத்துவக் கல்லூரி. மூடிய ஆண்டு 1911. தரம் குறைவு என்றார்கள். தரத்தை உயர்த்தப் பணம் தந்தார்களா? கல்லூரிக்குப் பூட்டு; தாயத்துக் கடைக்குத் திறந்த கதவு! இதுதான் அந்நாளைய ஏற்பாடு.

1928-இல் இந்நகருக்கு வந்தார் ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கருப்பினப் பெண் எழுத்தாளர், மானிடவியல் பயின்றவர். ஹூடூ வைத்தியர்களிடம் மாணவியாகச் சேர்ந்து, அவர்களின் முறைகளைத் தொகுத்து, 1935-இல் நூலாக வெளியிட்டார். அத்தொகுப்பிலே எதற்கெல்லாம் முறைகள் இருக்கின்றன? வழக்கிலிருந்து தப்ப, வீடு வாடகைக்குப் போக, கணவன் வீடு திரும்ப! விண்ணுலகை ஆள வேண்டும் என்றோ, காற்றிலே பறக்க வேண்டும் என்றோ அம்மக்கள் வேர் தேடவில்லை. வீடும் வாழ்வும் நீதியும் கேட்டார்கள். அரசு தர வேண்டியதையும் ஊர் தர வேண்டியதையும் அலமாரியிலே தேடினார்கள். அக்கடையின் மூலதனம் மூலிகையன்று, மக்களின் இல்லாமை.

அந்த இல்லாமையை முதலாக்கி வளர்ந்தார்கள் வணிகர்கள். சிகாகோ நகரில் டி லாரன்ஸ் என்ற வெள்ளைக்காரர் தலைப்பாகை கட்டிப் படம் எடுத்துக்கொண்டு, 'இந்து மாயம்', 'கீழை நாட்டு மறைபொருள்' என்று பெயர் சூட்டி நூல்கள் விற்றார். உள்ளே இருந்தது எந்நாட்டுச் சரக்கு? 1801-இல் இலண்டனில் பிரான்சிஸ் பாரெட் வெளியிட்ட மந்திர நூலிலிருந்து அள்ளியெடுத்த சரக்கு! இந்தியாவின் பெயரால், இங்கிலாந்தின் ஏட்டை, அமெரிக்காவிலே அச்சிட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் ஏழைகள்வரை விற்றார்கள். ஜமைக்கா அரசு அவருடைய வெளியீடுகளை நாட்டுக்குள் வரவே கூடாதென்று தடை செய்தது. தடையால் மக்களிடம் அப்பெயருக்கு இருந்த அச்சம் குறையவில்லை, கூடிற்று! அரசே அஞ்சுகிறது என்றால் அதில் ஆற்றல் இருக்கத்தான் வேண்டும் என்று எண்ணினார்கள். சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அதே சிகாகோவில், 1920-களில் எழுந்தது வால்மோர் நிறுவனம். நிறுவியவர் மார்ட்டன் நியூமன் என்ற வேதியியல் வல்லுநர். அவருடைய நிறுவனங்கள் கருப்பின மக்களுக்கு அஞ்சல் வழியே அனுப்பிய சரக்குப் பட்டியல்களைப் புரட்டினால் நெஞ்சம் பதைக்கும். ஒரு பக்கத்திலே, கருமேனியை வெளுப்பாக்கும் களிம்பும் சுருள்முடியை நேராக்கும் தைலமும். இன்னொரு பக்கத்திலே, அதிர்ஷ்டம் தரும் சாம்பிராணியும் காந்தக்கல்லும்! உன் நிறம் இழிவு என்று ஒரு பக்கம் சொல்கிறது. அந்த இழிவினால் வந்த வறுமைக்கு இதோ பரிகாரம் என்று மறுபக்கம் விற்கிறது. புண்ணும் அவர்களே, மருந்தும் அவர்களே!

சரி, அந்த மருந்து பலிக்கும் என்று விற்றவர்கள் நம்பினார்களா? அஞ்சல் வழியே ஏமாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 1872 முதலே உண்டு. ஆகவே இத்தொழிலில் இருந்தவர்கள், 'இது வெறும் விந்தைப்பொருள். இதற்கு மாய ஆற்றல் உண்டென்று நாங்கள் கூறவில்லை' என்னும் பொருளிலே சிறிய எழுத்தில் அச்சிட்டார்கள். பெரிய எழுத்து வாங்குவோனுக்கு. சிறிய எழுத்து நீதிமன்றத்துக்கு! வால்மோர் ஈட்டிய செல்வம் பிக்காசோ, மத்தீஸ், மீரோ ஆகியோரின் ஓவியங்களாயிற்று. 1980-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் அத்தொகுப்பு காட்சிக்கு வைக்கப்பட்டது. காந்தக்கல் பணத்தை ஈர்க்கும் என்பது பொய் என்று எப்படிச் சொல்வது? ஈர்த்ததே! வாங்கியவன் வீட்டுக்கு அன்று, விற்றவன் வீட்டுக்கு!

வேரை நம்பியவன், வேரை விட்டவன்—இருவரையும் ஒரே கதையில் காண வேண்டுமா? 1834-ஆம் ஆண்டு, மேரிலாண்டு மாநிலம். பதினாறு வயது அடிமை பிரடெரிக் டக்ளஸ், எட்வர்டு கோவி என்ற கொடியவனிடம் அடிபட்டு, இரத்தம் ஒழுக ஓடினான். சாண்டி என்ற மற்றோர் அடிமை பரிவோடு ஒரு வேரைக் கொடுத்து, வலப்பக்கம் வைத்துக்கொள். எந்த வெள்ளையனும் உன்னை அடிக்க மாட்டான் என்றார். ஞாயிறன்று கோவி இன்முகம் காட்டினான். வேர் வென்றதோ என்ற ஐயம் டக்ளஸுக்கே வந்தது. திங்கள் விடிந்தது. கயிற்றோடு பாய்ந்தான் கோவி! அந்த நொடியிலே எதிர்த்து நிற்பதென்று முடிவெடுத்தான் இளைஞன். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் போராட்டம். அதன்பின் அங்கே இருந்த ஆறு மாதமும் கோவி அவன்மேல் கைவைக்கவில்லை. வேர்தான் காப்பாற்றியது என்று சாண்டி பின்னரும் சொல்லிக்கொண்டே இருந்தாராம்! டக்ளஸ் 1838-இல் தப்பினார். 1845-இல் தம் வரலாற்றை எழுதினார். அடிமை முறையை எதிர்த்து உலகம் கேட்க முழங்கினார். வேர் பையிலே இருந்தது, வென்றதோ கை!

அக்கை பின்னர் ஆயிரமாயிரம் கைகளாயிற்று. 1954-இல், பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தைச் சொல்லவைத்தது அரத்தைச் சாறன்று. தர்குட் மார்ஷலும் தோழர்களும் எடுத்துரைத்த வாதம். மான்ட்கோமரி நகரத்துப் பேருந்துகளில் பிரிவினையை 1956-இல் ஒழித்தது தாயத்தன்று; 381 நாள்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்த கால்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

கடைகள் ஒழிந்தனவா? இல்லை. ஊர் மாறின, பெயர் மாறின. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய ஏழைகள் நாடும் இத்தகைய கடைகளில் 41-ஐ ஆராய்ந்து 1996-இல் ஓர் அறிக்கை வந்தது. 38 கடைகளில் பாதரசம் விற்கப்பட்டது! அதைக் கழுத்திலே அணிகிறார்கள். தீமை அண்டாதிருக்க வீட்டுத் தரையிலே தெளிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அதன் ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தவழும் குழந்தையை முதலில் தாக்கும். பேய் வராமலிருக்கத் தெளித்ததே பேயாயிற்று! நம் ஊரிலும் 'ரசமணி' என்று பாதரசத்தைக் கோத்து விற்போர் உண்டு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இளைஞர்காள்! தகடும் தாயத்தும் மையும் விற்கும் கடை நம் தெருவிலும் இருக்கிறது. அதன் வாயிலிலே நிற்கும் தாயைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவள் கையிலிருக்கும் பொட்டலம் பொய் என்று அவளுக்கு விளக்குங்கள். அது நம் கடமை. ஆனால் அத்தோடு நில்லாதீர். எந்த மருத்துவமனை அவளைத் திருப்பி அனுப்பிற்று, எந்த வழக்கு அவளை அலைக்கழித்தது, எந்தக் கடன் அவளைத் துரத்திற்று என்று கேளுங்கள். கேட்டபின் அவளோடு அந்த மருத்துவமனைக்கு நடவுங்கள். அந்த மன்றத்தின் படி ஏறுங்கள்.

அவள் பொட்டலத்தைத் தானே கீழே போடுவாள்!