ஊராத்துறைச் சாசனமும் இன்சொல்லும்

இன்சொல் என்பது நாவினிமை மட்டுமன்று. கேட்போனுடைய அச்சத்தையும் இழப்பையும் உணர்ந்து, அவனுக்கு விளங்கும் மொழியில், உண்மை குன்றாது உரைப்பதே இன்சொல்லாகும். இல்லத்துக்கும் நட்புக்குமே உரியதென்று பலரும் கருதும் இப்பண்பு, ஒரு காலத்தில் துறைமுக ஆட்சியிலும் இடம் பெற்றிருந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்றாகும்.

பொலன்னறுவையிலிருந்து ஈழத்தை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (கி. பி. 1153-1186) பொறிப்பித்த இச்சாசனத்தை, அறிஞர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றைய ஊர்காவற்றுறை இதில் ஊராத்துறை எனப்படுகின்றது. பரதேசிகள் இத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும் என்று சாசனம் கூறுகின்றது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும், மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. பிற வணிகப் பொருள் கொணரும் கலமாயின் இருவர்க்கும் சரிபாதி.

கரையொதுங்கிய பொருளைக் கவர்ந்துகொள்ளும் வழக்கு அக்காலத்திற் பல நாடுகளில் இருந்தது. 1179 இல் உரோமாபுரியிற் கூடிய இலாத்தரன் சங்கம், கலமுடைந்த கிறித்தவரைக் கொள்ளையிடுவோரைச் சமயத்தினின்றும் விலக்க விதித்தது. காகதீய மன்னன் கணபதிதேவன் 1244 ஆம் ஆண்டளவில் மோட்டுப்பள்ளியில் அபய சாசனம் பொறித்தான். முன்னைய அரசர் அனைத்தையும் கவர்ந்தனர் என்றும், தான் இரக்கத்தால் விதித்த சுங்கமன்றி வேறொன்றுங் கொள்வதில்லையென்றும் அதில் உரைத்தான்.

ஊராத்துறைச் சாசனத்தில் அத்துணை வெளிப்படையான இரக்கமொழி இல்லை. ஆயினும் அதன் உரைமுறை கருதத்தக்கது. சிங்கள மன்னனின் ஆணை தமிழில் அமைந்தது. தென்னிந்தியத் துறைகளிலிருந்து வரும் வணிகர்க்கு விளங்கவேண்டும் என்பதே அதன் காரணமெனக் கொள்ளலாம். துன்பம் நேர்ந்த பின் ஆறுதல் கூறாது, நேருமுன்னரே அச்சம் நீக்கியது அதன் இரண்டாவது சிறப்பு. யானை குதிரைகளில் தனக்கு விருப்பமுண்டாதலால் அவற்றைக் கொணர்வோர்க்குச் சலுகை மிகுதி என்று மன்னன் ஒளிக்காது சொன்னது மூன்றாவது.

இது இலாபங் கருதிய சொல்லேயன்றி அருளாகுமோ எனச் சிலர் வினவலாம். பண்டாரமும் பயன் பெற்றது என்பது உண்மையே. ஆனால் தன் பயனை மறைத்து அன்பு பேசுவதினும், அதனை வெளிப்படுத்திப் பிறன் உரிமையையும் ஒப்புக்கொள்வது நம்பிக்கைக்கு உறுதியான அடித்தளமாகும். உடைந்த கலத்தின் தலைவன் வேண்டுவது புகழ்மொழியன்று. தன் பொருளில் எவ்வளவு தனக்கு மிஞ்சும் என்னும் தெளிவே.

இதே மன்னன் காலத்தில் இதே துறை போர்த்தளமாகவும் விளங்கிற்று. பாண்டிய அரசுரிமைப் போரில் தலையிட்ட பராக்கிரமபாகு, ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களிற் படையும் மரக்கலங்களுந் திரட்டினான் எனவும், சோழர் ஏவிய படை அத்தகைய இடங்கள் பலவற்றை அழித்தது எனவும் திருவாலங்காட்டுச் சாசனம் கூறும். கல்லிற் பொறித்த அபயமும் போர் வந்தவிடத்து நிலைதளரும் என்பதை இது உணர்த்துகின்றது.

ஆகவே இன்சொல் ஒருமுறை சொல்லி முடிவதன்று. செயலால் நாடோறும் காக்கப்படுவது. அயலவனும் உறவினனும் இழப்புற்று நிற்கும்போது, அவர்க்கு விளங்கும் மொழியில், தன் நலத்தையும் மறைக்காது, அவர்க்குரியதை மறுக்காது பேசுதல் வேண்டும். தீவகத்துக் கல்லொன்று எண்ணூறு ஆண்டுகளாகத் தாங்கிநிற்கும் பாடம் இதுவேயாம்.