காவலும் இறைமையும்

அரசுக்குரிய கூறுகள் நான்கு எனக் குடிமையியல் கூறும். அவை மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறைமை என்பன. முதல் மூன்றையும் மாணவர் எளிதில் உணர்வர். நான்காவதை விளக்க நான் அயல்நாட்டு வரலாறுகளைத் தேடியலைந்தேன். மதுரைக்கு மேற்கே, சமணமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியிலேயே அதற்குச் சான்று உண்டு என்பதைக் காலந்தாழ்த்தியே அறிந்தேன்.

நாயக்கர் காலத்தில் மதுரை நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டது. பாளையக்காரர் வரி திரட்டினர், படையும் வைத்திருந்தனர். மதுரைக்கு மேற்கே எட்டு நாடுகளாக வாழ்ந்த பிறமலைக் கள்ளரோ, பல ஊர்களுக்குக் காவல் புரிந்து கூலி பெற்றனர். பொருள் களவு போயின் காவல்காரன் மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் ஈடு கொடுக்கவேண்டும். ஆக, குடிகளைக் காக்கும் பொறுப்பு ஒரே கையில் இருக்கவில்லை.

1801-இல் கருநாடக நவாபிடமிருந்து ஆட்சியைப் பெற்ற கும்பினியார், பாளையங்களின் படைக்கலங்களைப் பறித்தனர். காவல் அரசுக்கே உரியது என்றனர். 1859-இல் சென்னை மாகாணப் போலீசுச் சட்டமும் பிறந்தது. ஆயினும் சிற்றூர்களில் பழைய காவல் தொடர்ந்தது. ஏட்டில் ஓர் இறைமை. வயல்வரப்பில் வேறோர் இறைமை!

பழைய காவலில் குறையே இல்லை என நான் கூறவில்லை. களவுபோன மாட்டை மீட்கத் துப்புக்கூலி கேட்கும் வழக்கம் உழவரை வருத்தியது. 1895–96-இல் திண்டுக்கல் பக்கத்து உழவர் காவல்காரருக்கு எதிராகவே திரண்டெழுந்தனர்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் இத்தகைய நிலை இருந்தது. கால்நடைகள் களவு போகாதிருக்க உழவர் அங்குள்ள குலத்தாருக்குக் காவற்பணம் செலுத்தினர். 1745–46-இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷ் அரசு ஆயுதங்களைப் பறித்தது. 1747-இல் வழிவழி வந்த நீதியதிகாரங்களையும் ஒழித்தது. அக்கொடுமைகளுக்கிடையிலும் அம்மக்களுக்குத் தன் படைகளில் இடமளித்தது.

இங்கு நிகழ்ந்ததோ வேறு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914-இல் கீழக்குயில்குடிக் கள்ளர்மீது பாய்ந்தது; பின்னர்ப் பிறமலை நாடெங்கும் பரவியது. குற்றம் செய்தோர், செய்யாதோர் என்ற வேறுபாடின்றி ஆண்களின் கைரேகை பதியப்பட்டது. இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். ஊரைக் காத்தவனையே காவலில் வைத்த கதை இது! ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் பெண்ணொருத்தி உட்பட 16 பேர் மாண்டனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீங்கியது.

அதே அரசு கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளையும் திறந்தது. ரேகைப் பதிவேட்டால் அரசு பெற்றது அச்சமே. அப்பள்ளிகளால் பெற்றது நம்பிக்கை.

1980-களில் இவ்வட்டாரப் பள்ளியொன்றில் பேரனைச் சேர்க்க முதியவர் ஒருவர் வந்தார். எழுதப் படிக்க அறியாதவர் என எண்ணி, நான் மைப்பெட்டியை அவர்முன் நகர்த்தினேன். சட்டெனக் கையை இழுத்துக்கொண்டார்.

“ரேகை வேணாம் சார். கையெழுத்தே போடுறேன்.”

எழுத்துக்கூட்டி நெடுநேரம் எழுதினார். இளமையில் அவர் ரேகை பதிந்தவர் என்பதைப் பின்னரே அறிந்து நாணினேன்.

நேயர்களே, படையால் நிலத்தை ஒன்றாக்கலாம். குடிகளை ஒன்றாக்க இயலாது. தன்னைக் காக்கும் அரசு இது எனக் கடைக்கோடி மனிதனும் நம்பும்போதே இறைமை முழுமை பெறுகிறது. இறைமை யாதென மாணவர்க்கு விளக்குகையில், அம்முதியவரின் கையெழுத்தே என் நினைவுக்கு வந்தது.