உடைஞ்ச லேசரும் ஓடாத ரேடியோவும்: ஈபே பஞ்சாயத்தின் கதை

நம்ம வலைப்பதிவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்கள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது 'பின்னூட்டம்'. பதிவைப் போட்டுட்டு பின்னூட்டம் எத்தனைன்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருந்த சுகம் உங்களுக்கும் தெரியும் :-) அதே பின்னூட்டத்தை மட்டும் வெச்சு, முகம் தெரியாத ரெண்டு பேருக்கு நடுவில் வர்ற வியாபாரத் தகராறை எல்லாம் தீர்த்துடலாம்னு ஒருத்தர் நம்பினார். அது எங்கே போய் முடிந்தது என்பதுதான் இந்தப் பதிவு. குறிப்பாக, ஏலத்தில் கைமாறும் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் விஷயத்தில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1995 செப்டம்பர். கலிஃபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்ற 28 வயசு மென்பொருள்காரர், தொழிலாளர் தின விடுமுறையில் ஆக்‌ஷன்வெப் என்ற ஏலத்தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே ஆனது அதுதான். அதில் முதன்முதலில் விற்றவற்றில் ஒன்று என்ன தெரியுமா? உடைஞ்சு போன லேசர் பாயிண்டர்! 14.83 டாலருக்குப் போனது, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 500 ரூபாய். உடைஞ்சது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று ஒமிட்யார் கேட்டு எழுதினாராம். தெரியும், உடைஞ்ச லேசர் பாயிண்டர்களைச் சேர்ப்பதுதான் என் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். இருந்ததை இருந்தபடி சொன்னார், வாங்கினவரும் தெரிந்தே வாங்கினார். தகராறே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. பல வருஷம் ஈபே தன் பிறப்புக்கு வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தது. ஒமிட்யார் தன் வருங்கால மனைவி பெஸ் மிட்டாய் டப்பாக்களை மாற்றிக்கொள்வதற்காகவே இந்தத் தளத்தை எழுதினார் என்று. பத்திரிகைக்காரர்களைக் கவர மக்கள் தொடர்புத் துறையில் ஜோடித்த கதை அது என்பது 2002ல் ஆடம் கோஹன் எழுதிய புத்தகத்தில் வெளியே வந்தது. ஆக, பொருளைத் தப்பா விவரிக்கிற வேலையை நிறுவனமே தன் கதையிலிருந்து ஆரம்பிச்சிருக்கு.

தளம் வளர வளர புகார்கள் வந்தன. ஆரம்பத்தில் ஒமிட்யாருக்கே மின்னஞ்சல் வரும். நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க என்பார். 1996 பிப்ரவரியில் வெறுத்துப் போய் ஒரு ஏற்பாடு செய்தார். வாங்கினவர் விற்றவர் பற்றியும், விற்றவர் வாங்கினவர் பற்றியும் ஊரறிய எழுதலாம். நல்லதுக்கு ப்ளஸ் 1, கெட்டதுக்கு மைனஸ் 1, ரெண்டுங்கெட்டானுக்கு பூஜ்யம். கூட்டிக் கழித்து மைனஸ் 4க்குப் போனால் கணக்கு மூடப்படும். அதாவது பின்னூட்டம்தான் போலீஸ், பின்னூட்டம்தான் கோர்ட்டு.

புத்தகம், பொம்மை மாதிரி சாமான்களுக்கு இது ஓரளவு ஓடியது. பழைய எலக்ட்ரானிக்ஸில் மாட்டிக்கொண்டது. ஏன்னு சொல்றேன்.

ஒரு வால்வு ரேடியோவை எடுத்துக்கோங்க. விற்பவர் யார்? பெரும்பாலும் தாத்தா வீட்டுப் பரணைக் காலி செய்கிற பேரன். பிளக்கைச் சொருகுவார், டயல் விளக்கு எரியும், லேசா உர்ருன்னு சத்தம் வரும். 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதிவிடுவார். எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருத்தர், வால்வு காலத்து ஆளு, இதைக் கேட்டா சிரிப்பார். "லைட் எரிஞ்சா ரேடியோ ஓடுதுன்னு அர்த்தமா சார்? அந்த உர்ரு சத்தமே கண்டன்சர் போச்சுன்னுதான் சொல்லுது." அவர் சொல்வது சரி. மின்சாரத்தை வடிகட்டும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் பல வருஷம் சும்மா கிடந்தால் உள்ளே காய்ந்துவிடும். பழைய பேப்பர் கண்டன்சர்கள் கசியும். கசிவு அவுட்புட் வால்வில் போய் முடிந்தால் வால்வும் போகும், சில சமயம் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும். விற்றவர் வீட்டில் ரெண்டு நிமிஷம் பாடின ரேடியோ, வாங்கினவர் வீட்டில் அரை மணியில் புகைவிடும். இதில் பொய் சொன்னது யாரு?

வால்வுகள் கதை இன்னும் சிக்கல். கிடார் ஆம்ப்ளிஃபயர்காரர்களும் ஹைஃபை பிரியர்களும் பழைய டெலிஃபங்கன், முல்லார்ட் வால்வுகளுக்குத் தலைகீழா நிப்பாங்க. ஆனா அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் வாங்கித் தன் பேரை அச்சடித்து விற்பது சர்வ சாதாரணம். டெலிஃபங்கன் என்று அச்சடித்த எல்லாமே டெலிஃபங்கன் தொழிற்சாலையில் பிறந்ததல்ல. அங்கேயே பிறந்த ஈசிசி83 வால்வு என்றால் அடிப்பாகக் கண்ணாடியில், கம்பிகளுக்கு நடுவே, ஒரு சின்ன வைர வடிவம் பதிந்திருக்கும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த முல்லார்ட் என்றால் கண்ணாடியில் உள்ள குறியீட்டெண் 'பி' எழுத்தில் தொடங்கும். இது தெரிந்தவர் பத்து பேரில் ஒருத்தர் இருந்தாலே அதிகம். பெட்டியில் இருந்த பேரைப் பார்த்து அப்படியே எழுதினவர் ஏமாற்றுக்காரரா, விவரம் தெரியாதவரா? இரண்டுக்கும் மைனஸ் 1 தானா?

இந்தக் கேள்விக்கு முதலில் மனுஷங்களை வைத்துப் பதில் தேடினவர் ஈதன் காட்ஷ். ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1999ல் அவரது குழு ஈபேயுடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தியது. வந்த புகார்கள் 225. இருதரப்பும் பேச ஒத்துக்கொண்டு மத்தியஸ்தர் கைக்குப் போனவை 108. அதில் 50 சமரசமானது. எல்லாமே மின்னஞ்சலில், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட பாதி! நம்ம ஊர் கோர்ட்டு வாய்தாக்களோடு ஒப்பிட்டுப் பாருங்க. காட்ஷ் குழு கவனித்த இன்னொரு விஷயம்தான் முக்கியம். வந்தவர்கள் சட்டத்துக்குப் பயந்து வரவில்லை. மைனஸ் விழுந்துவிடுமே, தளத்தை விட்டுத் துரத்திவிடுவார்களே என்ற பயத்தில் வந்தார்கள். அவர்களுக்கு ஈபேதான் அரசாங்கம்.

அதே 1999ல் தொடங்கிய ஸ்கொயர்ட்ரேட் என்ற நிறுவனம் இதைத் தொழிலாகவே எடுத்துச் செய்தது. முறை எளிமையானது. முதலில் ஒரு படிவம்: பொருள் வரவில்லையா, வந்தது விவரித்தபடி இல்லையா, உங்களுக்கு என்ன வேண்டும், முழுப் பணமா, பாதிப் பணமா, மாற்றுப் பொருளா? "அயோக்கியப் பயலே" என்று ஆரம்பிக்க வேண்டிய கடிதம், நாலு கட்டத்தில் டிக் அடிப்பதாக மாறிவிடும். கோபம் பாதி அங்கேயே இறங்கிடும். இருவரும் இலவசமாகப் பேசிக்கொள்ளலாம். முடியவில்லை என்றால் சிறிய கட்டணத்தில் மத்தியஸ்தர். இருவரும் ஒத்துப்போனால் கெட்ட பின்னூட்டத்தை எடுக்கவும் வழி இருந்தது. பழைய ரேடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது என்பது என் கட்சி. "கண்டன்சர் மாற்ற இவ்வளவு ஆகும், அதை மட்டும் கொடுங்க, ரேடியோவை நானே வெச்சுக்கறேன்" என்ற பேச்சு அங்கே நடக்கும். ரேடியோ திரும்பப் பயணம் போய் வால்வெல்லாம் நொறுங்க வேண்டியதில்லை.

ஆனா பின்னூட்டத்திலேயே ஒரு ஓட்டை. நீ எனக்கு மைனஸ் போட்டா நான் உனக்கு மைனஸ் போடுவேன். (நம்ம தமிழ்மணத்துல மைனஸ் ஓட்டுக் குத்துன காலம் ஞாபகம் வருதா? ஹிஹி.) இதனால் ஏமாந்தவர்களும் வாயை மூடிக்கொண்டு ப்ளஸ் போட்டார்கள். 2008 மே மாதம் ஈபே, விற்பவர்கள் இனிமேல் வாங்கியவர்களுக்கு மைனஸ் போடவே முடியாது என்று விதியை மாற்றியது. அறிவிப்பு வந்ததுமே, பிப்ரவரியில், விற்பனையாளர்கள் புறக்கணிப்புப் போராட்டம் எல்லாம் நடத்திப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. அதே ஆண்டில் ஸ்கொயர்ட்ரேட்டும் ஈபே பஞ்சாயத்தைக் கைவிட்டு, பொருள்களுக்கு உத்தரவாதம் விற்கும் கடையாக மாறிப்போனது. 2017ல் ஆல்ஸ்டேட் இன்சூரன்ஸ்காரர்கள் அதை வாங்கினார்கள்.

இந்த இடத்தில் கதை இந்தியாவுக்கு வருகிறது. பாஸி டாட் காமை 2004ல் ஈபே வாங்கியது நினைவிருக்கும். 2008 டிசம்பரில் ஈபே இந்தியாவில் ஒரு 'சமூக நீதிமன்றம்' தொடங்கினார்கள். பின்னணியில் இருந்தவர்கள் ஈபேயின் தகராறுத் தீர்வுப் பிரிவைக் கவனித்துக்கொண்ட காலின் ரூலும் சிட்டு நாகராஜனும். தனக்கு விழுந்த மைனஸ் அநியாயம் என்று நினைக்கும் விற்பனையாளர் தன் கட்சியையும் படங்களையும் அங்கே வைக்கலாம். வாங்கியவரும் வைக்கலாம். அனுபவமுள்ள உறுப்பினர்களில் குலுக்கல் முறையில் 21 பேர் படித்துப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். பாதிக்கு மேல் விற்றவர் பக்கம் என்றால் மைனஸ் போய்விடும். ஆலமரமும் சொம்பும் மட்டும்தான் பாக்கி! பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் இந்த 21 பேருக்கு இல்லை. மானத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் மட்டும். ஈபே இந்தியா பின்னர் ஃப்ளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் அந்தக் கடையே மூடப்பட்டது. இதே யோசனை இன்னும் பெரிதாகப் பிழைத்தது சீனாவில். அலிபாபாவின் பழைய பொருள் சந்தையான ஷியான்யூவில் 17 பயனர்கள் உட்காரும் 'சிறு நீதிமன்றம்' ஓடியது. 9 ஓட்டு முதலில் யாருக்கோ அவர் ஜெயித்தார்.

ஈபேயின் பிரதான பாதை வேறு பக்கம் போனது. 2002ல் பேபாலை வாங்கிய பிறகு பணமும் அவர்கள் கையில். ஆண்டுக்கு 6 கோடித் தகராறுகள், அதில் 90 சதவீதம் மனிதக் கை படாமல் மென்பொருளே தீர்த்தது என்று ரூல் பின்னாளில் கணக்குச் சொன்னார். அவ்வளவு எண்ணிக்கைக்கு மத்தியஸ்தர் வைக்க முடியாதுதான், ஒத்துக்கறேன். ஆனா மென்பொருளுக்கு வைர வடிவம் தெரியாதே! அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: 'விவரித்தபடி இல்லை' என்ற பொத்தான் அமுக்கப்பட்டதா? ஆமென்றால் திருப்பி அனுப்பு, பணத்தைக் கொடு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012 ஜனவரியில் வெளியான ஒரு சம்பவம். எலக்ட்ரானிக்ஸ் இல்லை, வயலின். ஆனால் வால்வுப் பெட்டி மாதிரியே உள்ளே ஒட்டியிருந்த லேபிளைப் பற்றிய சண்டை. 2,500 டாலருக்கு ஒரு பழைய வயலின் கனடாவுக்கு விற்கப்பட்டது. லேபிள் போலி என்றார் வாங்கியவர். பழைய வயலின்களில் லேபிள் தகராறு புதிதே இல்லை. பேபால், பணம் திரும்ப வேண்டுமானால் வயலினை அழித்துவிடு என்றது. அவரும் உடைத்து, சுக்கல்களைப் படம் எடுத்து அனுப்பினார். பணம் திரும்பியது. விற்றவருக்கு வயலினும் இல்லை, காசும் இல்லை. அது போலியா என்று இனி எந்த நிபுணரும் பார்த்துச் சொல்ல முடியாது.

நிஜக் கோர்ட்டுகள் இதில் நிதானமாக இருந்திருக்கின்றன, குறிப்பாக ஜெர்மனியில். ஒருவர் 'வெர்ட்டு' கைப்பேசி ஒன்றை ஈபேயில் 1 யூரோவில் ஏலத்தைத் தொடங்கி விற்றார். 782 யூரோவுக்குப் போனது. போலி என்று சொல்லி வாங்க மறுத்த மற்றவர், அசலின் விலை 24,000 யூரோ, வித்தியாசத்தைக் கொடு என்று வழக்குப் போட்டார். 1 யூரோவில் ஆரம்பித்தபோதே போலி என்று தெரிய வேண்டாமா என்றது கீழ்க்கோர்ட்டு. 2012 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏலத்தில் ஆரம்ப விலை பொருளின் மதிப்பைக் காட்டாது; விவரணையில் எழுதியது என்ன, அதை வாங்குபவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை முழுசாகப் பார் என்று திருப்பி அனுப்பியது. 2017 நவம்பரில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. பேபால் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது; விற்றவர் கோர்ட்டுக்குப் போய் விலையைக் கேட்கலாம். அந்த வழக்குகளில் ஒன்று, படத்தில் இருந்தபடி இல்லை என்று புகார் வந்த ஒரு ரம்ப மெஷினைப் பற்றியது.

ஆனா ஒரு பழைய ரேடியோவுக்காக யார் கோர்ட்டு ஏறுவாங்க? வாங்கியவருக்குப் பொருள் வந்து 30 நாள் அவகாசம், விற்றவருக்குப் பதில் சொல்ல 3 வேலை நாள், திருப்பி அனுப்பும் செலவு விற்றவர் தலையில். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சில விற்பனையாளர்கள் நன்றாகப் பாடுகிற ரேடியோவையே 'ஓடாது, பாகங்களுக்கு மட்டும்' என்ற பிரிவில் போட்டுவிடுகிறார்கள். வால்வு விற்கிறவர்கள் பேரே எழுதாமல், அடிப்பாகக் கண்ணாடியை மட்டும் கிட்டத்தில் படம் பிடித்துப் போடுகிறார்கள். தெரிந்தவர்கள் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் ஏலத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.