பரணில் தாத்தா காலத்து ரிவால்வரா? லைசென்ஸ் வேணுமா... சட்டம் சொல்வது என்ன?

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போது 19-ஆம் நூற்றாண்டு ரிவால்வர் கிடைத்தால் என்ன செய்வது?

எப்படித் தெரியும்?
இவற்றில் ஒரு ரகத்தில் தோட்டா போட முடியாது. சிலிண்டரின் முன்பக்கமாக வெடிமருந்தும் ஈயக் குண்டும் திணிப்பார்கள். பின்பக்கம் சின்னச் செம்பு ‘கேப்’ மாட்டுவார்கள். 1851 கோல்ட் நேவி இந்த ரகம்தான்.

மதிப்பு எதில்?
பாகங்களில் ஒரே சீரியல் எண், லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை முத்திரை இருந்தால் மதிப்பு கூடும். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் குறையும்.

லைசென்ஸ் வேணுமா?
பழசு என்பதால் மட்டும் விலக்கு கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்கே விலக்கு தருகிறது. சரிசெய்தால் சுடும் என்றால் லைசென்ஸ் கட்டாயம். இல்லாவிட்டால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

என்ன செய்யணும்?
உள்ளே மருந்து இருக்கலாம். ட்ரிகரை அழுத்திப் பார்க்காதீங்க. காயலான் கடையிலும் போடாதீங்க. உடனே போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிடுங்க.